தூரோடு எடுப்பது

பரமக்குடியிலிருந்து முதுகுளத்தூர் போகும் வழியில் கண்மாய்களுக்குக் குறைவில்லை. எந்த ஆண்டு போனாலும் அவற்றில் ஒன்றிலாவது சீமைக்கருவேலத்தை ஏலம் விட்டு அப்போதுதான் வெட்டி முடித்திருப்பார்கள். வெட்டிய வாரத்தில் கண்மாய் திறந்து கிடக்கும். இத்தனை நாள் மறைந்திருந்த கரையும் மடையும் கலுங்கும் தெரியும். எதிர்க்கரைப் பனைகள் வரைக்கும் பார்வை தடையில்லாமல் போகும். ஊர்க்காரர்களுக்கு அதில் சந்தோஷம்தான். பிறகு ஒரு மழை விழும். முழங்கால் உயரத்துக்கு விட்டுவைத்த கட்டைகளின் அடியில் பட்டை வெடித்துத் தளிர் கிளம்பும். ஒற்றைத் தண்டு நின்ற இடத்தில் எட்டுப் பத்துத் தண்டுகள், முன்பைவிட நெருக்கமாக, முன்பைவிட முள்ளாக. மூன்று நான்கு ஆண்டுகளில் அதே கண்மாய் அடுத்த ஏலத்துக்குத் தயாராகிவிடும்.

இதைக் களை ஒழிப்பு என்று சொல்லிவருகிறோம். நடப்பதோ அறுவடை. அடுத்த விளைச்சலுக்கான தூரை மண்ணுக்குள் பத்திரமாக விட்டுவிட்டு மேலே இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். இந்த முள்ளைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் வெட்டும் நாளைப் பற்றியே இருக்கிறது. எதை வெட்டுகிறோம் என்று அதற்கு முன்னால் நின்று பார்ப்பதும், வெட்டியபின் அந்த நிலத்தோடு ஐந்தாறு ஆண்டு கூட இருப்பதும்தான் பெரிய வேலை. அவை இரண்டுக்கும் இன்றுவரை ஆளும் இல்லை, கூலியும் இல்லை.

பார்ப்பதிலிருந்து தொடங்குகிறேன். தென்மாவட்டங்களில் யாரைக் கேட்டாலும் சீமைக்கருவேலம் தெரியும் என்பார்கள். தெரியாமல் என்ன, பிறந்ததிலிருந்து காலில் குத்திய முள் அதுதானே. ஆனால் 2017இன் தொடக்கத்தில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இந்த மரங்களை அகற்றச் சொல்லி அடுத்தடுத்து உத்தரவிட்டபோது, இளைஞர் குழுக்களும் மாணவர்களும் பொக்லைன்களும் ஊர் ஊராக இறங்கிய அந்த மாதங்களில், நாட்டுக்கருவேலமும் குடைவேலமும் சேர்ந்தே விழுந்த இடங்கள் உண்டு. முள் இருந்தால் போதும், இலை சிறியதாக இருந்தால் போதும் என்ற கணக்கில் வெட்டிப் போட்டார்கள். நல்ல மனதோடு செய்த காரியம். ஆனாலும், ஒரு நாட்டுக்கருவேலம் கண்மாய்த் தண்ணீருக்குள் நின்று நாரைகளுக்குக் கூடு தாங்கும் அளவுக்கு வளரப் பல ஆண்டுகள் ஆகும். சித்திரங்குடிக்கும் காஞ்சிரங்குளத்துக்கும் வரும் பறவைகள் எந்த மரத்தை நம்பி வருகின்றன என்று ஒருமுறை போய்ப் பார்த்தவர் அரிவாளை ஓங்கும் முன் யோசிப்பார்.

வேறுபாடு தெரிந்துகொள்வது கடினமில்லை. பூவைப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். சீமைக்கருவேலத்தின் பூ மங்கிய மஞ்சளில், விரல் நீளக் கதிராகத் தொங்கும். நாட்டுக்கருவேலத்தின் பூ பளீரென்ற மஞ்சளில் உருண்டையாக இருக்கும். குடைவேலத்தின் பூவும் உருண்டைதான், நிறம் வெள்ளை. மரத்தின் தலை தட்டையாக விரிந்திருப்பதைத் தூரத்திலேயே கண்டுகொள்ளலாம். பூ இல்லாத காலத்தில் நெற்றைப் பார்க்க வேண்டும். சீமைக்கருவேல நெற்று பழுத்தால் வைக்கோல் நிறத்துக்கு வரும். ஏறக்குறைய நேராக, சதைப்பற்றோடு, கடித்தால் இனிக்கும். நாட்டுக்கருவேல நெற்று விதைக்கு விதை இடுப்பு ஒடுங்கி மணி கோத்ததுபோல் சாம்பல் நிறத்தில் தொங்கும். குடைவேலத்தின் நெற்று சுருண்டுகொள்ளும்.

பூவும் நெற்றும் இல்லாவிட்டால் முள்ளும் பட்டையும்தான் துணை. நாட்டுக்கருவேலத்தின் அடிமரம் கறுத்து வெடித்திருக்கும். முள் வெள்ளையாக, நீளமாக, நேராக இருக்கும். சீமைக்கருவேலம் பெரும்பாலும் அடியிலிருந்தே பல தண்டாகப் பிரிந்து புதராக நிற்கும். இலைக்காம்பு பிரியும் கணுவில் முள் இரண்டு இரண்டாக வரும். இங்கேதான் வன்னியை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வன்னியின் முள் குட்டையாக, அடி அகன்று, கணுவுக்குக் கட்டுப்படாமல் கிளை நெடுக அங்குமிங்கும் இருக்கும். விருத்தாசலத்தில் கோயில் மரமாக நிற்கிற அந்த வன்னியையும் இந்தச் சீமைக்கருவேலத்தையும் நெடுங்காலமாகத் தாவரவியலாளர்கள் புரோசோபிஸ் என்ற ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். 2022இல் நடந்த மறுவகைப்பாட்டில் சீமைக்கருவேலம் உட்பட, அமெரிக்கக் கண்டங்களின் இனங்களில் பெரும்பாலானவை நெல்டுமா என்ற பேரினத்துக்குப் போய்விட்டன. வன்னி பழைய இடத்திலேயே இருக்கிறது. இனி இரண்டையும் குழப்பிக்கொள்ளப் புத்தகத்திலும் இடமில்லை.

இந்த மரம் எப்படி வந்தது என்பதற்கு ஊரில் ஒரு கதை உண்டு. காமராசர் ஆட்சியில் விறகுப் பஞ்சத்துக்காக விதை தூவினார்கள் என்று அழுத்தமாகச் சொல்வார்கள். இங்கே இந்த மரம் அதற்கு வெகுகாலம் முந்தியது. சென்னை மாகாணத்தின் வட சரக வனக் காப்பாளராக இருந்த ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம் 1876இல் விதை கேட்டு அரசுக்கு எழுதினார். ஜமைக்காவிலிருந்து வந்த விதைகள் 1877இல் கடப்பைக்குப் பக்கத்துக் கமலாபுரத்தில் விதைக்கப்பட்டன. வறண்ட நிலத்தில் சீக்கிரம் விறகு தரும் மரம் ஒன்று வேண்டும் என்பதே நோக்கம். அந்த நோக்கத்தில் மரம் ஒரு குறையும் வைக்கவில்லை. மெக்சிகோவும் கரீபியன் கரையும் அதன் தாய்நிலம். அங்கே அதன் விதையைத் தின்ன வண்டுகள் இருந்தன. இங்கே வந்தபோது வண்டுகள் கூட வரவில்லை.

வண்டு வராத இடத்தில் ஆடு வந்தது. வறட்சிக் காலத்தில் தரையில் புல் இல்லாதபோது சீமைக்கருவேலம் இனிப்பான நெற்றைக் கீழே போடுகிறது. ஆடும் மாடும் ஓடிவந்து தின்கின்றன. சதை செரிக்கிறது. விதையின் கெட்டியான உறை வயிற்றில் கொஞ்சம் தேய்ந்து, முளைப்பதற்கு இன்னும் வாகாகிச் சாணத்தோடும் புழுக்கையோடும் வெளியே விழுகிறது. எரு கூடவே இருக்கிறது. எங்கள் பக்கத்தில் புஞ்சைக்கு உரம் வேண்டுமென்றால் கிடை போடச் சொல்வோம். ராத்திரி முழுக்க ஆடுகள் படுத்த நிலத்தில் மறு ஆண்டு மிளகாய்க்கு நடுவே சீமைக்கருவேலக் கன்று எட்டிப்பார்க்கும். கீதாரிகளைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை. மேய்ச்சல் நிலத்தையெல்லாம் முள் மூடியபின் அவர்களுடைய ஆடு வேறு எதைத் தின்னும்?

நெற்றே தீனியாகிப்போனால் ஆட்டுக்கும் கேடு. கென்யாவில் பாரிங்கோ ஏரிப் பக்கத்து ஆட்டுக்காரர்களுக்கு 1980களில் பாலைவனம் பரவாமல் தடுக்கவென்று இதே மரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கால் நூற்றாண்டுக்குள் அவர்களுடைய மேய்ச்சல் நிலம் முள்ளுக்குள் போய்விட்டது. இனிப்பு நெற்றை ஓயாமல் மென்ற ஆடுகளுக்குப் பல் விழுந்தது. 2006இல் அவர்கள் அரசாங்கத்தின் மேல் வழக்குத் தொடர்ந்தபோது, சாட்சியமாகப் பல்லில்லாத ஆடு ஒன்றையே நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். எந்த ஆய்வறிக்கையும் அதைவிடத் தெளிவாகப் பேசியிருக்க முடியாது.

இங்கே நாமோ சீமைக்கருவேலத்தின் மேல் இல்லாத குற்றங்களையும் சுமத்திவிட்டோம். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மழையை விரட்டுகிறது, அதன் நிழலில் கட்டிய மாடு சினைபிடிக்காது என்றெல்லாம் கைபேசியில் சுற்றும் செய்திகளை நான் நம்பவில்லை. அவை தேவையும் இல்லை. கண்முன்னே இருப்பது போதும். வரத்துக்கால் முள்ளடைந்து மழைத்தண்ணீர் கண்மாய்க்கு வந்துசேர்வதில்லை. வந்த தண்ணீரிலும் மண் தேங்கி உள்வாய் மேடேறுகிறது. அடர்ந்த புதரின் கீழே புல் முளைப்பதில்லை. குடிமராமத்து என்று ஊர்கூடிச் செய்த வேலை நின்றுபோன கண்மாய்களில்தான் இது முதலில் ஏறியது என்பதையும் சொல்ல வேண்டும். மடைக்கு ஆள் இருந்த கண்மாயில், ஆண்டுதோறும் வரத்துக்காலில் மண்வெட்டி விழுந்த ஊரில், இதற்குக் காலூன்ற நேரம் கிடைக்கவில்லை. விவசாயத்தை விட்டு மக்கள் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போன ஊர்களில் பட்டா நிலமும் அதன் கைக்குப் போனது.

அந்த ஊர்களில் போக வழியில்லாமல் நின்றுபோனவர்களுக்குச் சோறு போட்டதும் இந்த முள்தான். இதை மறைத்துவிட்டு எழுதும் எதுவும் பாதி உண்மை. கமுதி, சாயல்குடி, முதுகுளத்தூர் பக்கத்தில் கரிமூட்டம் போடுபவர்களை நெருங்கிப் பார்த்தால் தெரியும். வெட்டிய கட்டையைப் பருமன் பார்த்து அடுக்கிக் கூம்பாக எழுப்புகிறார்கள். வைக்கோலும் பச்சைத்தழையும் போர்த்தி, அதன்மேல் ஈரமண் பூசி, உச்சியில் ஒரு வாய் விட்டு நெருப்பு வைக்கிறார்கள். உள்ளே எரியக்கூடாது, வேக வேண்டும். நாள்கணக்கில், இராப்பகலாக, யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். வெள்ளைப் புகை அடங்கி நீலம் பாய்ந்து மெலியும் நேரம் எது என்று புகையைப் பார்த்தே சொல்வார்கள். மண் எங்காவது விரிந்து காற்றுப் போய்விட்டால் ஒரு வார உழைப்பு ஒரு மணி நேரத்தில் சாம்பல். ஆறிய மூட்டத்தைப் பிரித்துக் கரி பொறுக்குவது பெரும்பாலும் பெண்கள். பொறுக்கி முடித்தபின் கண்ணைத் தவிர எல்லாம் கறுத்திருக்கும். கரியை வாங்கிப் போகும் வியாபாரிக்குக் கிடைப்பதும் இவர்களுக்குக் கிடைப்பதும் ஒரே தராசில் நிற்காது. ஆனாலும் இரண்டு போகம் பொய்த்த ஆண்டில் கடைக் கடனை அடைத்தது அந்தக் காசுதான். மரத்தை ஒழிக்கச் சொல்கிற நாம் இவர்களிடம் என்ன சொல்லப்போகிறோம் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். மரம் போகட்டும், ஆனால் அதைப் போக்கும் வேலையின் கூலி இவர்கள் கைக்குத்தான் வர வேண்டும் என்பது என் கட்சி.

தெற்கு நிலம் இதற்கு முன்னால் வேறொரு களையிடமிருந்து மீண்டிருக்கிறது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சப்பாத்திக் கள்ளி தரிசையெல்லாம் மூடிக் கிடந்தது. 1926இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த ஒருவகைக் கொச்சினீல் பூச்சியை அதன்மேல் விட்டார்கள். சில ஆண்டுகளுக்குள் கள்ளிக்காடுகள் வெளுத்து, அழுகி, சரிந்தன. அதுபோல ஒரு பூச்சியைச் சீமைக்கருவேலத்தின் மேல் விடலாமே என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். ஆனால் கள்ளியை நம்பிப் பிழைத்தவர் அதிகமில்லை. சீமைக்கருவேலத்தை நம்பியவர் ஏராளம். தென்னாப்பிரிக்கா இதே சங்கடத்தைச் சந்தித்தது. அங்கே மரத்தைக் கொல்லும் பூச்சிகளை ஒதுக்கிவிட்டு, விதையை மட்டும் தின்னும் வண்டுகளை 1987 முதல் விட்டார்கள். நிழலும் விறகும் இருக்கட்டும், பரவல் மட்டும் நிற்கட்டும் என்ற கணக்கு. நெற்றை வண்டு எட்டும் முன்பே ஆடுமாடுகள் தின்றுவிட்டதால் கணக்கு முழுதாகப் பலிக்கவில்லை. 1995இல் தொடங்கிய அந்நாட்டின் தண்ணீருக்கான வேலைத் திட்டம்தான் என்னை அதிகம் கவர்ந்தது. வேலையில்லாத ஏழைகளுக்குக் கூலி கொடுத்து அயல்மரங்களை அகற்றினார்கள். வெட்டிய இடத்துக்கே மறுபடி மறுபடி போக வேண்டும் என்பதை அந்தத் திட்டத்திலேயே எழுதிவைத்தார்கள்.

மறுபடி போவதுதான் எல்லாம். ஏன் என்று தெரிய, ஒரு தூரைத் தோண்டிப் பார்க்க வேண்டும். தரைமட்டத்துக்கு ஒரு சாண் கீழே, தண்டும் வேரும் சேரும் இடத்தில் ஒரு கழலை மாதிரியான தடிப்பு இருக்கும். உறங்கும் மொட்டுகள் அதைச் சுற்றித்தான் இருக்கின்றன. மேலே வெட்டும் ஒவ்வொரு வெட்டும் அவற்றை எழுப்பிவிடுகிறது. அந்தத் தடிப்புக்குக் கீழே, சுமார் ஒரு அடி ஆழத்தில், வேரை அறுத்தால் மரம் முடிந்தது. அதற்குக் கீழே போகும் ஆணிவேர் எவ்வளவு ஆழமானாலும் அதனால் தளிர்க்க முடியாது. மண்வெட்டியும் கோடரியும் கடப்பாரையும் கொண்டு இதைச் செய்யலாம். பொக்லைன் சீக்கிரம் செய்யும், ஆனால் உள்வாய் முழுக்கக் குழியாக்கிவிட்டுப் போகும். மண் நல்ல ஈரமாக இருக்கும்போது கன்றுகளைக் கையால் இழுக்கலாம், பெரிய தூர்களைச் சுற்றித் தோண்டி எடுக்கலாம். பூக்கும் முன்னால் செய்வது நல்லது. மரத்தில் நெற்று இருந்தால் முதலில் அதைப் பொறுக்கிச் சாக்கில் கட்டிவிட வேண்டும். அரைத்து மாவாக்கி அளவோடு மாட்டுத் தீவனத்தில் சேர்க்கலாம். அரைபட்ட விதை முளைக்காது. கொளுத்திவிட்டுப் போவது வீண். நெருப்பு மேலே போகிறது, மொட்டு கீழே இருக்கிறது.

தூரை எடுத்தபின் கண்மாய் மறுபடி திறந்து கிடக்கும். இப்போது மண்ணுக்குள் இருக்கும் விதைகளின் முறை. நல்ல வெயில் விழும், போட்டியில்லாத, கிளறிவிட்ட மண் அவற்றுக்குக் கிடைத்திருக்கிறது. ஐப்பசி மழைக்குப் பிறகு போனால் தரையெங்கும் கன்று. இரண்டு தடித்த விதையிலை, அதற்குமேல் ஒற்றைச் சீப்பாய் முதல் இலை. அடுத்தடுத்த இலைகள் இரட்டையாகப் பிரியத் தொடங்கும். அந்தப் பருவத்தில் முள் இளசு. விரலால் அடியைப் பிடித்து நேராக மேலே இழுத்தால் வெள்ளை வேர் முழுதாக வந்துவிடும். கன்றைவிட வேர் நீளம். சிறுபிள்ளைகளும் வயதானவர்களும் செய்யக்கூடிய வேலை அது. ஒரு வாரம் தள்ளிப்போட்டால் கையுறை வேண்டும். ஒரு பருவம் தள்ளிப்போட்டால் மண்வெட்டி வேண்டும். இரண்டு ஆண்டு விட்டுவிட்டால் பொக்லைன் வேண்டும், அதற்கு ஒரு தீர்மானம் வேண்டும், நிதி வேண்டும், ஏலம் வேண்டும். மண்ணுக்குள் விதை பல ஆண்டு தாங்கும் என்பதால் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அந்த வாரத்தில் யாராவது போக வேண்டும்.

அந்த இடத்தில் அடுத்து என்ன வர வேண்டும் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். இதில் எல்லா நிலத்துக்கும் ஒரே பதில் சொல்வது பெரிய தப்பு. குஜராத்தின் கட்ச் பகுதியில் பன்னி என்ற புல்வெளி இருக்கிறது. சுமார் 2,500 சதுர கிலோமீட்டர், எருமைகளுக்குப் பெயர்பெற்றது. உப்புப் பாலை உள்ளே வராமல் தடுக்கவென்று 1961 முதல் அங்கே இந்த மரத்தை நட்டார்கள். உப்போடு இதுவும் உள்ளே வந்தது. புல்லெல்லாம் போனது. அங்கே மால்தாரிகள் எனும் மேய்ச்சல்காரர்கள் தூரோடு எடுத்துக் காத்துவைத்த துண்டு நிலங்களில் மழைக்குப் புல் திரும்பியிருக்கிறது. அங்கே மரம் நட யாரும் போக வேண்டியதில்லை. கோடியக்கரையிலும் அப்படித்தான். வெளிமானுக்கு வேண்டியது எட்டிப்பார்க்கத் தடையில்லாத புல்தரை. முள் புகுந்தால் அந்த மானே நெற்றைத் தின்று விதையைப் பரப்பும் ஆளாகிவிடுகிறது. திறந்தவெளியைக் கண்டாலே கன்று நட வேண்டும் என்று கை பரபரப்பது நமக்கு ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. 1961இல் பன்னியில் நட்டவர்களுக்கும் அந்த வியாதிதான்.

இராமநாதபுரத்துத் தரிசில் கொழுக்கட்டைப் புல்லுக்கும் அறுகுக்கும் இடம் கொடுத்தால் ஆடு திரும்பும். கண்மாய்க் கரையில் பனையும் பூவரசும் புங்கமும் ஏற்கெனவே பழகியவை. உள்வாயில் பறவைகளுக்கு நாட்டுக்கருவேலம் நிற்கட்டும், வரத்துக்காலில் ஒன்றும் வேண்டாம், தண்ணீர் ஓடட்டும். ஓரத்தில் வன்னியும் வெள்வேலும் குடைவேலமும் தானாக முளைத்தால் அவற்றைக் கன்றிலேயே அடையாளம் கண்டு காப்பாற்ற ஆள் வேண்டும். இதெல்லாம் அந்தந்த ஊரில் ஆடு மேய்ப்பவர்களுக்குத் தெரியும். எந்த மேட்டில் எந்தப் புல் முதலில் வரும் என்று அவர்களைக் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

2022இல் தமிழக அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கும் சூழல் மீட்புக்கும் ஒரு கொள்கையை வெளியிட்டது. அகற்றுவதோடு நிற்காமல் நிலத்தை மீட்பதையும் தலைப்பிலேயே சேர்த்தது அதன் நல்ல அம்சம். இந்த மரங்களை அகற்றக் கோரி உயர் நீதிமன்றத்தில் 2015இல் தொடங்கிய வழக்கும் அரசை அந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது. ஆனால் ஊரில் கண்மாய் ஒப்பந்தம் இன்னும் பழைய ஏலப் பத்திரத்தில்தான் நடக்கிறது. அந்தப் பத்திரத்தில் எத்தனை டன் கட்டை, எத்தனை நாளில் வெட்டி எடுக்க வேண்டும், எவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்று இருக்கும். ஏலம் எடுத்தவருக்கு வேண்டியது கட்டை. தூரைத் தோண்ட அவருக்கு ஆகும் கூலியை யாரும் தருவதில்லை. அடுத்த ஏலத்தின் வருமானமும் அந்தத் தூரில்தான் இருக்கிறது என்பதால் ஊராட்சிக்கும் அதில் அவசரமில்லை.

மாற்ற வேண்டியது அந்தத் தாள். தரைக்கு ஒரு அடி கீழே தூரோடு எடுத்தால்தான் கடைசித் தவணை திரும்பக் கிடைக்கும் என்று ஒரு வரி வேண்டும். எந்தெந்த மரத்தைத் தொடக்கூடாது என்று சுண்ணாம்பு அடித்துக் காட்டியபின்தான் அரிவாள் இறங்கலாம் என்று ஒரு வரி வேண்டும். ஏலத் தொகையில் ஒரு பங்கை ஊராட்சி தனிக் கணக்கில் வைக்க வேண்டும். அடுத்த ஐந்து ஆண்டு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கன்று பிடுங்க அந்தப் பணத்திலிருந்து நாள்கூலி கொடுக்க வேண்டும். அது போதாவிட்டால் ஊரில் நூறு நாள் வேலை என்று சொல்லும் திட்டத்தில் அதையும் ஒரு வேலையாகச் சேர்க்க வேண்டும். அந்தக் கூலிக்கு முதலில் பெயர் கொடுக்கும் உரிமை, அதே கண்மாயில் இதுவரை கரி பொறுக்கிய பெண்களுக்கு இருக்க வேண்டும்.